டாட்லரில் குதிரைப் படங்களுக்கு நடுவே புத்தக மதிப்புரை எப்படி வந்தது?

காகிதப்பூச்சி

போன ஞாயிறு திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு பைண்டு வால்யூம் கிடைத்தது. 'டாட்லர் அண்ட் பைஸ்டாண்டர்' என்ற லண்டன் வாரப் பத்திரிகை, 1946, அரை வருடத்துத் தொகுப்பு. ஏதோ கிளப் நூலகத்தின் முத்திரை பாதி அழிந்திருக்கிறது. 400 சொன்னார், 250க்கு முடித்தேன். சில பக்கங்களில் யாரோ பிளேடால் படங்களை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லித்தான் பேரம் பேசினேன்.

உள்ளே முக்கால்வாசி, பிரபுக்களின் வீட்டுக் கல்யாணம், நாய்க் கண்காட்சி, குதிரைப் பந்தயத்தில் தொப்பி போட்ட சீமாட்டிகள். அப்புறம் ஒரு பக்கம் புரட்டினால் எலிசபெத் போவன் எழுதிய புத்தக மதிப்புரை! நாவலாசிரியர் போவனேதான். அதுவும் ஒருமுறை இல்லை, இதழுக்கு இதழ் வருகிறது. எழுத்தும் சும்மா ஒப்பேற்றியதாக இல்லை.

நம் மனதில் இலக்கியப் பத்திரிகை ஒரு சாதி, வம்புப் பத்திரிகை வேறு சாதி. இந்த அம்மாள் இங்கே என்ன செய்கிறார்? இன்னொரு சந்தேகம்: ஆங்கில இலக்கிய வகுப்பில் ஸ்டீல் நடத்திய டாட்லர் என்று படித்தோமே, அதுதானா இது?

சன்னலோரம்

இரண்டாவது சந்தேகத்துக்கு முதலில் பதில்: இல்லை. பெயர் மட்டும்தான் அது. ரிச்சர்ட் ஸ்டீலின் டாட்லர் 1709 ஏப்ரல் 12 அன்று தொடங்கி 1711 ஜனவரி 2ல் நின்றுவிட்டது. மொத்தம் 271 இதழ். உங்கள் கையில் இருப்பது 1901ல் கிளெமென்ட் ஷார்ட்டர் தொடங்கிய வாரப் பத்திரிகை. அது 1940ல் 'பைஸ்டாண்டர்' என்ற இன்னொன்றோடு சேர்ந்துகொண்டது. நடுவில் 190 வருட இடைவெளி. 'ஸ்பெக்டேட்டர்' கதையும் இதே மாதிரிதான்: இன்றைக்கு வருவது 1828ல் ரின்டூல் தொடங்கியது. ஸ்டீலின் கூட்டாளி அடிசன் நடத்தியது அல்ல.

ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்தப் பழைய டாட்லரில்தான் இருக்கிறது. அது ஒற்றைத் தாள், இரண்டு பக்கமும் அச்சு. செவ்வாய், வியாழன், சனி வரும். முதல் 4 இதழ் இலவசம், பிறகு ஒரு பென்னி. ஸ்டீல் தன் பெயரில் எழுதவில்லை. ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற கற்பனைக் கிழவரின் பெயரில் எழுதினார். அந்தப் பெயரே கடன்: ஜோசியர் பார்ட்ரிட்ஜ் இன்ன நாளில் செத்துப்போவார் என்று ஜோசியம் சொல்லி, நாள் வந்ததும் "செத்துவிட்டார்" என்று அறிவித்து, உயிரோடு இருந்த மனிதரைப் படாதபாடு படுத்தினாரே 'கலிவர்' கதை எழுதிய ஸ்விஃப்ட், அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்.

முதல் இதழிலேயே ஒரு ஏற்பாடு சொல்கிறார். காதல், கேளிக்கை சமாச்சாரங்கள் ஒய்ட்ஸ் சாக்லேட் கடையிலிருந்து வரும். கவிதை வில்ஸ் காபிக் கடையிலிருந்து. கல்வி சம்பந்தப்பட்டது கிரீஷியன் காபிக் கடையிலிருந்து. உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்தி செயின்ட் ஜேம்ஸ் காபிக் கடையிலிருந்து. மிச்சமெல்லாம் "என் அறையிலிருந்து". ஆக, ஒய்ட்ஸ் கடை வம்பும் வில்ஸ் கடைக் கவிதையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சாயின. உங்கள் போவனும் குதிரையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல.

'டாட்லர்' என்றால் வம்பளப்பவர், வாயாடி. பெண்களைக் கௌரவிக்க இந்தப் பெயர் வைத்தேன் என்று அதே இதழில் ஸ்டீல் ஒரு குத்தும் குத்துகிறார்.

நெல்லை அண்ணாச்சி

நம்மூர் டீக்கடை பெஞ்சுக்கு அச்சுக்கூடம் வைத்துக் கொடுத்தது மாதிரி இருக்கிறது தம்பி. ஆனால் ஒரு பென்னித் தாளில் என்ன மிஞ்சும்? யார் காசு போட்டது? எந்தப் பத்திரிகைக் கதையிலும் எனக்கு இது ஒன்றுதான் கேள்வி. நான் 11 வருடம் அச்சகம் வைத்து நொடித்தவன்.

சன்னலோரம்

அண்ணாச்சி, ஸ்டீலுக்கு அரசாங்க வேலை இருந்தது. 'லண்டன் கெஜட்' ஆசிரியர். செய்தி அங்கிருந்தே கிடைத்தது. அப்புறம் விளம்பரம்.

1711 மார்ச்சில் அடிசனும் அவரும் ஸ்பெக்டேட்டரைத் தினசரியாகத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு 3,000 பிரதி போகிறது, ஒரு பிரதியை 20 பேர் படிக்கிறார்கள் என்று வைத்தால் 60,000 வாசகர் என்று 10ஆம் இதழிலேயே அடிசன் கணக்குப் போடுகிறார். (பிரதிக்கு இத்தனை பேர் என்று வாசகர் கணக்கு காட்டும் வித்தை அப்போதே வந்துவிட்டது.) 1712 ஆகஸ்டில் அரசாங்கம் முத்திரை வரி போட்டது, அரைத் தாளுக்கு அரை பென்னி. பல தாள்கள் அத்தோடு செத்தன. ஸ்பெக்டேட்டர் விலையை 2 பென்னியாக்கிப் பார்த்தது, டிசம்பரில் 555வது இதழோடு நிறுத்தியது. 1714ல் அடிசன் மறுபடி கொஞ்ச நாள் நடத்தினார்.

'மேகசின்' என்ற சொல் பத்திரிகைக்கு வந்தது 1731ல். எட்வர்ட் கேவ் தன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசினு'க்கு அந்தப் பெயர் வைத்தார். அரபியிலிருந்து வந்த சொல், கிடங்கு என்று அர்த்தம். துப்பாக்கி மருந்துக் கிடங்கையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தின் 'கோடவுன்' நம் 'கிடங்கு'விலிருந்தோ தெலுங்கிலிருந்தோ மலாய் வழியாகப் போனது என்பார்கள். அந்த வகையில் பண்டமாற்று சரியாகிவிட்டது.

நெல்லை அண்ணாச்சி

அந்தக் கிடங்கில்தானே அகராதி எழுதிய ஜான்சன் வேலை பார்த்தார்? நாடாளுமன்றப் பேச்சை அச்சிடக் கூடாது என்று 1738ல் தடை வந்ததும், கலிவர் போன குள்ளர் நாட்டின் பெயரில் 'லில்லிபுட் செனட்டின் விவாதங்கள்' என்று மாற்றிப் போட்டார்கள். ஜான்சன் சபைக்குப் போகாமலே, யார் யார் பேசினார்கள் என்ற குறிப்பை வைத்துக்கொண்டு வாடகை அறையில் உட்கார்ந்து பேச்சை எழுதிவிடுவார். பின்னாளில் ஒரு விருந்தில் அரசியல்வாதி பிட்டின் பேச்சை எல்லாரும் ஆகா ஓகோ என்று புகழ, "அதை நான்தான் எழுதினேன்" என்று போட்டு உடைத்தார்.

மல்லிகா சேலம்

ஸ்டீலையும் ஜான்சனையும் பேசினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். கீழ்த்தளத்தையும் பார்க்க வேண்டாமா?

1769ல் தொடங்கிய 'டவுன் அண்ட் கன்ட்ரி மேகசினில்' மாதாமாதம் ஒரு ஜோடி: முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஓர் ஆண், பக்கத்துச் சட்டத்தில் ஒரு பெண். கள்ள உறவு என்று ஊர் பேசுகிற ஜோடிகள். பெயரில் நடு எழுத்துக்களை எடுத்துவிட்டுக் கோடு போடுவார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும், வழக்குப் போடத்தான் முடியாது. நம்ம ஊர் கிசுகிசுவில் "மூன்றெழுத்து நடிகை" என்று போடுவதற்கு இவர்கள்தான் முன்னோர். ஷெரிடன் நாடகத்தில் கூட இந்தப் பகுதியைச் சொல்லிக் கிண்டல் உண்டு.

1830கள் இன்னும் மோசம். 'சாட்டிரிஸ்ட்' என்ற வாரப் பத்திரிகையை பார்னார்ட் கிரிகரி நடத்தினார். அச்சிடப்போகும் செய்தியை முன்கூட்டியே ஆளுக்குக் காட்டிப் பணம் கேட்பது, கொடுத்தால் செய்தி வராது. சுத்தமான மிரட்டல் தொழில். இந்த மனிதருக்கு நடிப்பு ஆசை வேறு. 1843ல் கோவென்ட் கார்டன் அரங்கில் ஹாம்லெட்டாக மேடையேறினார். அவரிடம் அடிபட்ட பிரன்ஸ்விக் டியூக்கும் ஆட்களும் முன்கூட்டியே பேசிவைத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூச்சலில் ஹாம்லெட் வாயே திறக்க முடியவில்லை. சதி செய்தார்கள் என்று கிரிகரி வழக்குப் போட்டார், தோற்றார்.

அதே டியூக் 1840களின் கடைசியில், 17 வருடத்துக்கு முன் வேறொரு பத்திரிகையில் தன்னைப் பற்றி வந்த கட்டுரைக்காக, ஆளனுப்பிப் பழைய பிரதி ஒன்றை வாங்கவைத்து, "இன்றைக்கு விற்றது இன்றைக்குப் பிரசுரித்தது" என்று வழக்காடி ஜெயித்தார். இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த விதி 2013 வரை இருந்தது!

தாமரைக்குளம்

மல்லிகா அக்கா கீழ்த்தளம் என்கிறீர்கள். மேல்தளம் மட்டும் என்ன வாழ்ந்தது? வம்புக்காரர்களைத் திட்டிவிட்டு இலக்கிய இதழ்களைக் கோயில் மாதிரி வைத்துப் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1802ல் 'எடின்பரோ ரிவ்யூ' வந்தது. ஜெஃப்ரி, சிட்னி ஸ்மித், புரூம், எல்லாரும் வேலை சரியாக அமையாத இளம் ஆட்கள். கட்டுரையில் பெயர் போடும் வழக்கமில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் நீள்கவிதையை 1814ல் ஜெஃப்ரி "இது ஒருபோதும் சரிப்படாது" என்ற வரியோடு தொடங்கிக் கிழித்தார். இவர்கள் விக் கட்சி. பதிலுக்கு, போட்டிக் கட்சியான டோரிகள் 1809ல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' தொடங்கினார்கள். 1817ல் 'பிளாக்வுட்ஸ்'. விமர்சனம் என்ற பேரில் நடந்தது கட்சிச் சண்டை.

பிளாக்வுட்ஸில் 'இசட்' என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு லாக்ஹார்ட் 'காக்னி கவிஞர் கூட்டம்' (லண்டன் பாமரக் கவிஞர்கள் என்ற ஏளனம்) என்று தொடர் எழுதினார். 1818 ஆகஸ்டில் கீட்ஸின் முறை. அவர் மருந்தாளர் தொழில் படித்தவர், அப்பா குதிரை லாயம் நடத்தியவர். கவிதையைப் பற்றி நாலு வரி, மீதியெல்லாம் பிறப்பைப் பற்றி. பட்டினி கிடக்கிற கவிஞனாக இருப்பதைவிடப் பட்டினி கிடக்கிற மருந்துக்காரனாக இருப்பது மேல், கடைக்குத் திரும்பிப் போ, மாத்திரையும் களிம்பும் காத்திருக்கின்றன என்று முடிக்கிறார். இதற்கும் சாட்டிரிஸ்டுக்கும் என்ன வித்தியாசம்? அவன் காசு கேட்டான், இவர் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இதன் பின்கதை இன்னும் கொடூரம். 'லண்டன் மேகசின்' ஆசிரியர் ஜான் ஸ்காட், பிளாக்வுட்ஸின் முகமூடித்தனத்தைத் தாக்கி, லாக்ஹார்ட்டைக் குறிவைத்து எழுதினார். வார்த்தை தடித்தது. லாக்ஹார்ட்டின் நண்பர் கிறிஸ்டி சண்டையைத் தன் மேல் போட்டுக்கொண்டார். 1821 பிப்ரவரி 16, இரவு, சாக் ஃபார்ம், நிலா வெளிச்சம், இருவர் கையிலும் துப்பாக்கி. முதல் சுற்றில் கிறிஸ்டி வேண்டுமென்றே குறியை விலக்கிச் சுட்டார். ஸ்காட்டுக்கு அது தெரியவில்லை, கூடப்போனவர்களும் அங்கேயே நிறுத்தவில்லை. இரண்டாவது சுற்று நடந்தது, குண்டு ஸ்காட்டின் வயிற்றில் பாய்ந்தது. 11 நாள் கிடந்து 27ஆம் தேதி செத்தார். அதற்கு 4 நாள் முன்பு, 23ஆம் தேதி, ரோமில் கீட்ஸ் இறந்திருந்தார். கிறிஸ்டி மேல் கொலை வழக்கு நடந்தது, விடுதலையானார்.

சன்னலோரம்

ஒரு திருத்தம். கீட்ஸ் செத்தது காசநோயில். விமர்சனம் கொன்றது என்பது ஷெல்லியும் பைரனும் கட்டிவிட்ட கதை. பைரன் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். பைரனையும் 1808ல் எடின்பரோ ரிவ்யூ பெயர் போடாமல் சாத்தியது. அவர் சாகவில்லை, மறு வருடமே ஒரு நையாண்டிக் கவிதை எழுதித் திருப்பிச் சாத்தினார். பிரபுவுக்கு அது முடியும்.

தாமரைக்குளம்

கொன்றது என்று நான் எங்கே எழுதினேன்? தேதியைச் சொன்னேன். "பிரபுவுக்கு அது முடியும்" என்று நீங்களே முடித்ததைத்தான் நானும் சொல்கிறேன்.

இன்னொன்று: ஸ்காட் செத்த பிறகு லண்டன் மேகசினை வாங்கியவர்கள் டெய்லர், ஹெஸ்ஸி. கீட்ஸின் பதிப்பாளர்கள். லாம்பின் 'எலியா' கட்டுரைகள் தொடர்ந்ததும், டி குவின்ஸியின் அபினிக் கட்டுரைகள் அந்த வருடமே வந்ததும் அவர்கள் கையில்தான்.

நெல்லை அண்ணாச்சி

காசுக் கணக்கை யாரும் சொல்லக் காணோம், நானே சொல்கிறேன். எடின்பரோ ரிவ்யூ 16 பக்க ஃபாரம் ஒன்றுக்கு 10 கினியிலிருந்து (கினி என்பது அந்தக் கால இங்கிலாந்துக் காசு) கொடுத்தது. பணக்காரனும் வாங்கியே ஆகவேண்டும் என்று ஜெஃப்ரி விதி வைத்திருந்தார். அப்போதுதான் ஏழை வாங்கினால் கேவலமாக இருக்காது. இந்த ஒரு விதிக்காகவே அந்த மனிதரின் மற்ற பாவங்களை மன்னிக்கலாம்.

அங்கே பேர் வாங்கிய மெக்காலே 1834ல் மதராஸில் இறங்கிப் பல்லக்கில் ஊட்டி போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்த்தார். இங்கே இருந்த நாளிலும் ரிவ்யூவுக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. பேக்கன் பற்றிய நீளக் கட்டுரை கல்கத்தாவிலிருந்து கப்பலில் போய் 1837ல் வெளியானது.

மல்லிகா சேலம்

முத்திரை வரிக்கு ஒரு வால் இருக்கிறது. அந்த வரியை 1855ல் ஒழிக்கப் பாடுபட்ட அரசியல்வாதிகளில் முக்கியமானவர் மில்னர் கிப்சன். அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் தாமஸ் கிப்சன் பவுல்ஸ். அப்பா வரியை ஒழித்தார், மகன் 1868ல் 'வேனிட்டி ஃபேர்' தொடங்கினார்! இப்போதைய அமெரிக்கப் பத்திரிகை இல்லை, இது லண்டன். ஆரம்பத்தில் பெரும்பகுதியை வேறு வேறு பெயரில் பவுல்ஸே எழுதினார். மறு வருடம் கார்லோ பெலிகிரினி வரைந்த, அரசியல்வாதி டிஸ்ரேலியின் கேலிச்சித்திரம் வண்ணத்தில் வந்தது, விற்பனை எகிறியது. 'ஏப்' என்பது அவர் கையெழுத்து. 'ஸ்பை' என்று போட்டவர் லெஸ்லி வார்ட். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு: 1897ல் ஸ்பை வரைந்த ரஞ்சித்சிங்ஜி அதில்தான் வந்தது. கேலி செய்தார்களே என்று யாரும் கோபப்படவில்லை, படம் வராதவர்தான் வருத்தப்பட்டார்.

1885ல் பவுல்ஸ் 'தி லேடி' தொடங்கினார். பிள்ளை பார்க்கும் ஆயா, சமையல்காரி வேண்டும் என்ற வரி விளம்பரத்திலேயே தலைமுறை தலைமுறையாக ஓடியது, 2025 வரை அச்சில் வந்தது. அவருடைய மருமகன் டேவிட் மிட்ஃபோர்ட் அந்த அலுவலகத்தில் மேலாளராக இருந்தார். எலித் தொல்லைக்குக் கீரி ஒன்றைக் கொண்டுவந்து விட்டாராம். அவருடைய மகள்தான் நாவலாசிரியர் நான்சி மிட்ஃபோர்ட். அவரும் லேடியில் எழுதினார்.

வல்வையூரான்

இவ்வளவு நேரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எங்கட ஆளைச் சொல்லவில்லையே!

மேரி ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், பிறந்தது 1915. 1938ல் லண்டனில் இறங்கினவர், கையில் பெரிதாக ஒன்றுமில்லை. மறு வருடமே 'பொயட்ரி லண்டன்' என்ற கவிதை இதழைத் தொடங்கிவிட்டார். ஒரு வருடத்துக்கு முந்தி வந்த இலங்கைத் தமிழர் ஆங்கிலக் கவிதைக்கு லண்டனிலேயே ஆசிரியராகிறார், அதுவும் யுத்த காலத்தில். டிலன் தாமஸ், கேத்லீன் ரெய்ன், கீத் டக்ளஸ், டேவிட் கேஸ்கோய்ன் எல்லாரும் அவரிடம் வந்தவர்கள். 10ஆம் இதழின் அட்டை சிற்பி ஹென்றி மூர் போட்டது. நிக்கலஸ் மூரின் கவிதைத் தொகுப்புக்குப் படம் போட்டவர் அப்போது சின்னப் பொடியனான லூசியன் ஃப்ராய்டு. 1942ல் ஆர்வெல் பிபிசியில் நடத்திய கவிதை நிகழ்ச்சியின் படம் இருக்கிறது. எலியட், எம்ப்சன், முல்க் ராஜ் ஆனந்த், ஆர்வெல், நடுவில் இவரும்.

ஆள் இருந்தது லண்டனில் சோஹோ பக்கத்து மதுக்கடைகளில். சோஹோவிலேயே கிடந்தால் ஒரு வேலையும் நடக்காது, 'சோஹோவைட்டிஸ்' என்ற வியாதி பிடித்துவிடும் என்று புதிதாக வந்தவர்களை எச்சரித்தவர். தனக்கு அந்த வியாதி முற்றிவிட்டதென்று தெரிந்தேதான் சொல்லியிருப்பார். 1949ல் இலங்கைக்குத் திரும்பினார், பிறகு நியூயார்க், அங்கேயும் ஓர் இதழ், 1960களின் கடைசியில் மறுபடி லண்டன். 1983ல் அங்கேயே காலமானார்.

காகிதப்பூச்சி

வல்வையூரான் அண்ணா, நன்றி. இவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம், வந்த கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிலுக்கடியில் மூத்திரச் சட்டியில் போட்டு வைத்திருந்தார் என்ற ஒரே கதைதான்.

வல்வையூரான்

எல்லாரும் அந்தச் சட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள். எத்தனை வெள்ளைக்கார ஆசிரியர்கள் குடித்துவிட்டுப் பிரதியைத் தொலைத்தார்கள், அதெல்லாம் 'போஹீமிய வாழ்க்கை'. தம்பிமுத்து தொலைத்தால் மட்டும் வேடிக்கை. அவர் பதிப்பித்த புத்தகங்களை எடுத்துப் பாருங்கள், தாள் பஞ்சக் காலத்திலும் எவ்வளவு அழகான அச்சு.

நெல்லை அண்ணாச்சி

அந்தக் கோபம் நியாயம்தான். காசு?

வல்வையூரான்

யுத்த நாளில் நிக்கல்சன் அண்ட் வாட்சன் என்ற பதிப்பகம் தாங்கியது, அண்ணாச்சி. அது விலகியதும் இவரும் தள்ளாடினார்.

சன்னலோரம்

அண்ணாச்சியின் கேள்வியை மற்றவர்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன். 1922 அக்டோபரில் எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' வெளிவந்த 'கிரைட்டீரியன்' முதல் இதழுக்குப் பணம் ரோதர்மியர் சீமாட்டியுடையது. அவர் கணவர் 'டெய்லி மெயில்' முதலாளி. விமர்சகர் கோனலி 1940ல் தொடங்கிப் பத்து வருடம் நடத்திய 'ஹொரைசன்' இதழுக்குப் படியளந்தவர் பீட்டர் வாட்சன். அவருக்கு வந்தது அப்பாவின் மார்ஜரின் வியாபாரச் சொத்து. 20ஆம் நூற்றாண்டின் கடினமான ஆங்கிலக் கவிதைக்கு மலிவுப் பத்திரிகையும் போலி வெண்ணெயும் செலவு செய்திருக்கின்றன.

ஆகவே காகிதப்பூச்சி, போவன் டாட்லரில் எழுதியதில் ஆச்சரியமில்லை. வாரா வாரம் கைக்குக் காசு வரும் இடம் அது. அதற்கு முன்பே சினிமா விமர்சனத்தை ஜேம்ஸ் ஏகேட் அங்கே எழுதியிருக்கிறார். நாவலாசிரியர் டாஃப்னி டு மாரியேயின் முதல் சிறுகதை வந்ததும் பைஸ்டாண்டரில்தான், அவர் மாமா ஆசிரியராக இருந்தபோது.

தாமரைக்குளம்

காசு மட்டும் என்று முடித்துவிடாதீர்கள். அந்தப் பத்திரிகையின் வாசகர்கள்தான் போவன் நாவல்களின் பாத்திரங்களும். பெரிய வீடு, தேநீர் மேசை, சொல்லாமல் விட்ட பேச்சு. அவரே அயர்லாந்தில் அப்படி ஒரு பெரிய வீட்டுக்கு வாரிசு. அவர் அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரி.

மல்லிகா சேலம்

இது நல்ல பாயிண்ட். பிறகு அந்த வீடும் இடிந்தது, 1958ல் அரண்மனையில் கன்னிப்பெண்களை ராணிக்கு அறிமுகப்படுத்தும் சடங்கும் நின்றது. டாட்லர் கொஞ்ச நாள் 'லண்டன் லைஃப்' என்று பெயர் மாற்றித் திண்டாடி, மறுபடி பழைய பெயருக்கே வந்தது. 1979ல் 25 வயது டீனா பிரவுன் ஆசிரியராகி, பிரபுக்களைக் கும்பிடுவதை விட்டு அவர்களையே கிண்டலடிக்கத் தொடங்கியதும் விற்பனை ஏறியது. ஸ்டீல் செய்தது அதுதானே.

காகிதப்பூச்சி

எல்லாருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு வால்யூமை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். பிளேடால் வெட்டிய பக்கங்களை எண்ணினேன், 7 இடம். விளிம்பில் மிஞ்சிய எழுத்தைப் பார்த்தால் எல்லாமே மணப்பெண் படங்கள். அதில் இரண்டு இடத்தில் தாளின் பின்பக்கம் போவன் மதிப்புரை. மாலையும் கையுமாக நின்ற யாரோ ஒரு சீமாட்டியோடு பாதி மதிப்புரையும் போய்விட்டது. ஒன்றில், நாவலின் முடிவு தனக்கு ஏன் உறுத்துகிறது என்று சொல்லத் தொடங்குகிறார். அடுத்த வரியில் ஓட்டை.

1946 டாட்லர் யாரிடமாவது முழுசாக இருக்கிறதா? இதழ் எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன்.